ராஜா வர்ல: திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக ஒரு கோளுக்கு

கும்மிடிப்பூண்டிக்கு யாரும் ஊர் சுற்றப் போவதில்லை. ஷிப்டுக்குப் போகிறார்கள், லோடு இறக்கப் போகிறார்கள், ஆந்திராவுக்குப் போகிற வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறார்கள். நான் போனது வயிற்றெரிச்சலில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டுப் போய்வந்தேன். வழி, செலவு, சாப்பாடு எல்லாம் வழக்கம்போல எழுதுகிறேன். ஆனால் போன காரணத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், இந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்களே கேட்பீர்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். பூண்டி ஏரியைப் பற்றி எழுதியபோது, ஏரியைவிட அங்கே டிரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்த இன்னொரு ஆளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு வாசகர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு இங்கே கை ஓடாது. என் மனைவி கலா இதற்கு மருந்தே கிடையாது என்று விட்டுவிட்டாள்.

ஏழுமலை என் நண்பன். அவன் பொதட்டூர்பேட்டை, நான் ஆர்.கே.பேட்டை. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு, அப்புறம் திருவள்ளூரில் ஒரே வாடகை அறை. கல்யாணம் ஆனதும் அவனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்து அங்கேயே குடி போய்விட்டான். நேரில் பார்ப்பது குறைந்துபோனது. ஆனால் அவனுக்கு லீவு கிடைக்கிற நாளில் எல்லாம் நாங்கள் விண்வெளியில் சந்தித்துக்கொண்டோம்.

விண்வெளி என்றால் கம்ப்யூட்டரில். உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஒரே பால்வெளியில் கப்பல் ஓட்டும் விளையாட்டு அது. பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள் எனக்கு விளம்பரம் ஒன்றும் தரவில்லை. சண்டை போடலாம், சரக்கு ஏற்றி விற்கலாம், அல்லது எங்களைப் போல யாரும் போகாத இடமாகப் பார்த்துப் போகலாம். ஆயுசு முழுக்கச் சுற்றினாலும் ஒரு ஓரம்கூட முடியாத அளவுக்கு நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். யாரும் பார்க்காத கோளை நாம் முதலில் ஸ்கேன் செய்தால் அதன் கீழே நம் பெயர் நிரந்தரமாக நிற்கும். கோளுக்கும் ஒரு பெயர் வைக்கலாம். ஒரே ஒரு தடவைதான், பிறகு மாற்ற முடியாது. இரண்டு பேர் சேர்ந்து பறந்தால், பொத்தானை முதலில் அழுத்தியவர் பெயர் மேலே பெரிதாக வரும், மற்றவர் பெயர் கீழே பொடி எழுத்தில் வரும்.

நானும் ஏழுமலையும் நாலு வருடம் சேர்ந்து பறந்தோம். எல்லாக் கோளிலும் மேலே என் பெயர், கீழே அவன் பெயர். எனக்குக் கை வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்கு அலுத்துவிட்டது. இதே தளத்தில் அதைப் பற்றி நீளமாகப் புலம்பியிருக்கிறேன். முதன்முதலில் ஒரு வளையக் கோளுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுந்தபோது நாங்கள் இருவரும் போனில் கத்திய கத்தலில் கலா ஓடி வந்தாள். நாற்பதாவது வளையத்தில் நான் கொட்டாவி விட்டேன். பனிக்கோள், பாறைக்கோள், எரிகுழம்புக் கோள், வாயுக்கோள், இப்படி நாலைந்து அச்சுகளை வைத்துக்கொண்டு இயந்திரம் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றி வார்த்துத் தள்ளுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்ட பிறகு அது எவ்வளவு பெரிய இடமாக இருந்தால் எனக்கென்ன? அன்று போனிலேயே சொல்லிவிட்டேன்.

“இன்னாடா கீது இதுல? அதே உருண்ட, வேற பெயிண்ட்டு. பேஜாரா கீது மச்சான். இனிமே என்னக் கூப்டாத.”

“செரி மச்சான். உனுக்கு எப்ப தோணுதோ அப்ப வா” என்றான். சண்டை போட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

பல மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. கடைக்குப் புது பிரிண்டர் வந்தது, கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, விளையாட்டை அழித்துவிடலாம் என்று திறந்தேன். அழிப்பதற்கு முன் வரைபடத்தை ஒரு தரம் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பால்வெளியின் மறுகரைப் பக்கம், நாங்கள் இருவரும் ஒருநாள் போவோம் என்று பேசி வைத்திருந்த திசையில், வரிசையாகப் புதுக் கண்டுபிடிப்புகள். நான் தொட்டுப் பார்த்ததில் எல்லாம் கீழே பொடி எழுத்தில் ஏழுமலை. மேலே வேறு ஒரு பெயர்.

ஆங்கில எழுத்தில் இருந்தது. நான் அதை ‘நஷ்டா’ என்று படித்தேன்.

ரஷ்யாக்காரி என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் பெயர் அப்படித்தானே முடிகிறது? ஏழுமலையையே பொடி எழுத்துக்குத் தள்ளுகிறாள் என்றால் பெரிய கைகாரியாகத்தான் இருக்க வேண்டும். காதில் புகை வந்தது. விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவந்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏழுமலைக்குப் பக்கத்தில் பறக்கிற இடம் என்னுடையது. நான் எழுந்து போனால் அது காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். விளையாட்டை அழிக்கவில்லை. பிரிண்டரைத்தான் வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன்.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு எரிகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால், உங்க சிப்காட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். அவன் அதை நம்பினான்.

இனி பயணம். காலை ஆறே முக்காலுக்கு ரயில். நான் செருப்பு மாட்டும்போது கலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நாஷ்டா துன்னுட்டுப் போயேன். அங்க இன்னா அள்ளிக்கினு போயிடப் போவுது?”

“வழில பாத்துக்கறேன்” என்று கிளம்பிவிட்டேன். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீங்கள் சிரிப்பதற்கு உதவும்.

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேர் ரயில் கிடையாது. சென்ட்ரல் மின்சார ரயிலில் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்கி, அங்கே கும்மிடிப்பூண்டி வண்டி பிடிக்க வேண்டும். சென்ட்ரல் வரை போய்த் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. மொத்தம் எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் முப்பது ரூபாய்க்குள். பெரியபாளையம் வழியாகக் குறுக்கே ரோட்டில் போனால் ஐம்பது சொச்சம்தான் வரும். ஆனால் பஸ் மாறி மாறிப் போவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். பைக் உள்ளவர்கள் அந்த வழியில் போகலாம். என் பைக் அன்றைக்குப் பார்த்து ஒர்க்‌ஷாப்பில் இருந்தது.

பேசின் பிரிட்ஜுக்கு எட்டு மணிக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, நாற்பது நிமிடம் நின்றேன். நிழல் குறைவான நிலையம், தொப்பி கொண்டுபோங்கள். நின்ற நேரத்தில் ரஷ்யாக்காரியிடம் பேசுவதற்கு ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தயார் செய்தேன். ஏழுமலை அவளோடு ஹெட்போனில் பேசிக்கொண்டு இருப்பான், எனக்கும் ஒருமுறை அறிமுகம் செய்துவைப்பான், அப்போது நான் பெருந்தன்மையாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ‘உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்’ என்பது ஒன்று. ஒன்றுமே கேள்விப்படவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறும்போது இடது ஜன்னலை ஒருவர் பிடித்துவிட்டார். மீஞ்சூர் வரை அவர் தலையை வைத்துக்கொண்டு தூங்கினார். தூங்குவதற்கு ஜன்னல் எதற்கு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள் வரிசையாக வரும், பொன்னேரிக்கு மேலே வயல்கள் தொடங்கும், கவரைப்பேட்டையில் பெட்டி பாதி காலியாகிவிடும். படுக்கையும் பக்கெட்டுமாக ஏறியிருந்த வடநாட்டுத் தொழிலாளர்கள்தான் கடைசி வரை வந்தார்கள். பத்து மணிக்குக் கும்மிடிப்பூண்டி.

நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ நிற்கும். சிப்காட் மூன்று கிலோமீட்டருக்குள்தான், தலைக்கு இருபது ரூபாய். ஏழுமலை சொன்ன அடையாளத்தை டிரைவரிடம் சொன்னேன்.

“தண்ணி டாங்க்குக்குப் பின்னாடி தெருவா? எஸ்தரக்கா நாஷ்டா கட கீதே, அதானே? குந்து சார், இன்னும் ரெண்டு பேரு வந்தா எடுத்துடலாம்.”

“கடையெல்லாம் தெரியாதுங்க. ஏழுமலைன்னு, கம்பி கம்பெனில வேல.”

“கம்பி கம்பெனி பாதி ஆளு அங்கதான் துன்னும். பத்தரைக்குள்ள போய்டணும் சார். கரீக்டா பத்தரைக்கு அக்கா கடயச் சாத்திடும். நீ மண்டி போட்டாலும் ஒரு இட்லி கெடைக்காது.”

“ஏன், அப்பறம் கூட்டம் வராதா?”

“வரும். அது நிக்காது. உள்ள போச்சுன்னா மதியானம்தான் வெளிய வரும். இன்னா வேலயோ யாருக்குத் தெரியும்?”

நான் ஆங்கில வாக்கியங்களில் இருந்தேன். ஆட்டோ நெடுஞ்சாலையைத் தாண்டி உள்ளே திரும்பியதும் டிரெய்லர் லாரிகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. வேப்பமர இலை மேலெல்லாம் கறுப்புத் தூசி. காற்றில் சூடான இரும்பு வாசனை அடித்தது, முகமூடி இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமையிலும் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இறங்கிய இடத்தில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். பார்த்ததும் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“இன்னாடா இது, ஒரு ஃபோட்டோ கூட எடுக்காம வந்துகினு கீற? கட்டுர எழுதறேன்ன?”

“எடுக்கலாம், எடுக்கலாம். ஊட்ல யாரு கீறாங்க?”

“அவ அவுங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கா. மொதல்ல வா, கடயச் சாத்தறதுக்குள்ள நாஷ்டா முட்ச்சிடலாம்.”

அவன் குடியிருந்தது ஒரு மாடிப் போர்ஷன். கீழே, தெருவைப் பார்த்தபடி ஒரு டிபன் கடை. நான்கு பெஞ்சு, ஒரு தோசைக்கல். மேலே பிளெக்ஸ் போர்டு. ‘எஸ்தர் நாஷ்டா கடை’ என்று தமிழில் ஒரு வரி, தமிழ் படிக்கத் தெரியாத வடநாட்டுப் பையன்களுக்காக அதையே ஆங்கிலத்தில் இன்னொரு வரி. ஆங்கில வரியில் இருந்த இரண்டாவது வார்த்தையை நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். இன்னொரு தரம் படித்தேன். பிறந்ததிலிருந்து தினமும் காலை டிபனுக்கு என் வீட்டில் சொல்கிற வார்த்தை. வரைபடத்தில் இதே ஆறு எழுத்துகள்தான்.

பேசின் பிரிட்ஜில் தயார் செய்த நாலு வாக்கியத்தையும் அங்கேயே விழுங்கினேன்.

தோசைக்கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, நைட்டிக்கு மேலே துண்டு, நெற்றியெல்லாம் வியர்வை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏழுமலையிடம் கேட்டார்.

“இவுருதானா நைனா? ‘ராஜா வர்ல’ ராஜா?”

சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. “அக்கா, சும்மாரு” என்றான் ஏழுமலை. என் பெயர் ராஜவேலு, எல்லாருக்கும் ராஜா. அந்த ‘வர்ல’ எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அப்போது கேட்கிற நிலையிலும் நான் இல்லை. இத்தனை நாள் நான் பொறாமைப்பட்ட அந்த வெளிநாட்டு வீராங்கனை என் தட்டில் வடகறி ஊற்றிக்கொண்டிருந்தார்.

இட்லி, வடகறி இரண்டும் நன்றாக இருந்தன. இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள். நல்லா இல்லை என்று எழுத எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? எழுத முடியவில்லை. வடகறிக்காகவே அந்தத் தெருவுக்குப் போகலாம்.

பத்தரைக்கு ஷட்டர் இறங்கியது. கடைக்குப் பின்னால் அக்கா வீட்டின் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர். எஸ்தரக்காவின் மகன் படிக்க வாங்கியது, அவன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏழுமலை லேப்டாப்போடு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அக்காவின் வீட்டுக்காரர் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரவர் இடத்துக்குப் பழகியிருந்தார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்தார்கள். விருந்தாளிக்குக் கொடுக்கிற ஸ்டூல்.

திரையில் அவர்கள் கண்டுபிடித்த கோள்களின் பெயர்கள் ஓடின. தூரத்திலிருந்து வரைபடத்தில் பார்த்தபோது எனக்குக் கண்டுபிடித்தவர்கள் பெயர்தான் தெரிந்தது, கோளின் பெயர் தெரியவில்லை. அங்கே போனவர்களுக்குத்தான் அவை தெரியும். போண்டா. கேசரி. சேமியா உப்மா. ஒரு மஞ்சள் வாயுக்கோளுக்குக் கெட்டி சாம்பார். வளையக் கோள் ஒவ்வொன்றுக்கும் மெதுவடை ஒன்று, மெதுவடை இரண்டு என்று எண் போட்டிருந்தார்.

“ஒரே மாரி உருண்டதானக்கா எல்லாம், அலுக்கலியா?” என்றேன். அலுத்துவிட்டது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

“அலுக்கும். போன மாசம்லாம் எல்லாமே பாறையா வந்துச்சு, பேஜாராப் பூட்ச்சி. ஆனா பேரு வெக்கறது சோக்கா கீது நைனா. கடைக்கு ஒரு போர்டு போட இன்னா டப்பு கேக்கறான் தெரியுமா? இங்க எத்தினி போர்டு வேணா ஓசில போடலாம்.”

என்னுடைய நீளமான கட்டுரையில் இந்தக் கோணம் இல்லவே இல்லை.

புதிதாக ஒரு நட்சத்திரத்துக்குத் தாவினார்கள். கண்ணாடி போல ஒரு நீலக் கோள் மெல்ல மேலே வந்தது. யாரும் பார்க்காதது. எஸ்தரக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, மவுஸை நகர்த்தி, பொத்தானைத் தேடி, நிதானமாக அழுத்தினார். அதுவரைக்கும் ஏழுமலை விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் நினைத்திருந்தால் அந்த நேரத்தில் மூன்று கோள் பார்த்திருக்கலாம்.

“ஏண்டா நீ அழுத்தல?”

“அக்காவுக்கு ஆச. அழுத்தட்டுமே.”

“இவன் எப்பவும் இப்டித்தான். வேணும்னே வுட்டுக் குடுக்கறான்” என்றார் அக்கா.

ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன். “எனுக்கும் இப்டித்தான் வுட்டியா?”

“ஆமாடா” என்றான், என்ன கேள்வி இது என்பதுபோல. “உனுக்கும் ஆசதான?”

நாலு வருடம். எனக்குக் கை வேகம் என்று நினைத்திருந்தேன். அது போனது. சரி, எனக்காக விட்டுக்கொடுத்தான் என்றாவது வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், வடகறி ஊற்றுகிற அக்காவுக்கும் அதையேதான் செய்கிறான். அவனுடைய சுபாவம் அது. எனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. ரஷ்யாக்காரி இருந்தவரைக்கும்கூட இவ்வளவு எரியவில்லை. வந்த வேலை முடிந்தது, சாயங்கால ரயிலுக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்பலாமா என்று யோசித்தேன். முகத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, அக்காவின் மவுஸை வாங்கி அந்தத் திசைக் கோள்களின் பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.

பட்டியலின் அடியில், எல்லாவற்றுக்கும் முதலாவதாக, ஒரே ஒரு கோளில் மட்டும் ஏழுமலையின் பெயர் மேலே இருந்தது. கீழே பொடி எழுத்தில் யாரும் இல்லை. கோளின் பெயர்: ‘ராஜா வர்ல’.

“இது இன்னாது?”

ஏழுமலை லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டான். எஸ்தரக்காதான் சொன்னார்.

“அன்னிக்கு இவனுக்கு லீவு. மோட்டாரப் போடச் சொல்ல மாடிக்குப் போனேன், இந்த அழுக்கு உருண்டயப் பாத்துகினு குந்தியிருந்தான். மதியானம் கொழம்பு குடுக்கப் போறேன், அதே உருண்ட. துணி எடுக்கப் போறேன், அப்பவும் அதே. கம்ப்யூட்டரு நின்னுபோச்சான்னு கேட்டேன். இல்லக்கா, ராஜா வரேன்னு சொல்லிக்கிறான், அவன் வந்துதான் அழுத்துவான்னு சொன்னான். பொழுதே போய்டுச்சு நைனா. எனக்குப் பொறுக்கல. இவன் கையப் புட்ச்சி நானே அழுத்தி வுட்டேன். ஒடனே பேரு கேட்டுச்சு. இன்னா பேரு போடட்டும்னேன். இவன் ஃபோனப் பாத்துகினே ‘ராஜா வர்ல’ன்னான். நான் அதான் பேருன்னு அடிச்சிட்டேன். அன்னிலேருந்து நானும் ஓட்டறேன்.”

“மாத்த முடியாதே” என்றேன்.

“அதான. வெள்ளக்காரன் ஒருத்தன் மெசேஜ் போட்டுக் கேட்டான், ராஜா வர்லான்றது உங்க ஊரு மகாராஜாவான்னு. ஆமான்னுட்டோம்.”

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், கட்டிலில் இருந்தவரும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் போனை எடுத்துப் பழைய செய்திகளைத் தேடினேன். இருந்தது. ‘மச்சான் ஒண்ணு கீது, வரியா’ என்று ஏழுமலை அனுப்பியிருந்தான். கடையில் கூட்டமான நேரம். நான் ஒரு கட்டைவிரல் படம் போட்டிருந்தேன். பார்த்துவிட்டேன் என்ற அர்த்தத்தில் போட்டது. வருகிறேன் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஏழுமலையிடம் காட்டினேன். படித்துவிட்டு, “கட்டவெரலு போட்டா வரேன்னுதான்டா அர்த்தம்” என்றான். எங்கள் கடையில் அப்படி அர்த்தம் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“ஏன்டா, நீயே அழுத்திட்டு மேல போயிருக்கலாம்ல?”

“நீ இல்லாம அத்த அழுத்தி இன்னா பண்றது?” என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு அக்காவின் கப்பலுக்கு எரிபொருள் குறைகிறது என்று அவசரமாக வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

நாலரை மணி ரயிலில் திரும்பினேன். ஜன்னல் சீட்டே கிடைத்தது. அத்திப்பட்டு வரைக்கும் வெளியே பார்த்தேன், என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவ்வளவு பெரிய பால்வெளியில், அத்தனை பேர் வந்துபோகிற இடத்தில், யாரும் சீந்தாத ஒரு பழுப்பு உருண்டைக்கு என் பெயர் இருக்கிறது. நான் அதைப் பார்த்ததே இல்லை.

இதே மாதிரி பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கும்மிடிப்பூண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் ரயில் நேரத்தை முதல்நாளே பார்த்துவிடுங்கள், திரும்பி வருகிற வண்டிகளும் அன்று குறைவு. ஷூ போட்டுப் போங்கள், தெருவெல்லாம் இரும்புத் துணுக்கு. நாஷ்டாவுக்குப் பத்துக்குள் போய்விடுங்கள். ஆலை வாசலில் போட்டோ எடுத்தால் காவலாளி விரட்டுவார், நான் கடைசியில் எடுக்கப் போய் விரட்டப்பட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரையில் படமே இல்லை.

விளையாட்டைப் பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்கு: என் பழைய கட்டுரையில் இருந்ததை நான் வாபஸ் வாங்கவில்லை. கோள்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். போகப் போகப் புதிதாக ஒன்றும் வராது, தனியாகப் போகிறவர்கள் இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவீர்கள். ஆனால் அதே பழைய வளையத்தைப் பார்த்து ‘டேய் இங்க வாடா’ என்று கூப்பிட ஒரு ஆள் இருந்தால் கணக்கு வேறு. அப்படிப்பட்ட ஆள் உங்களுக்கு இருந்தால், அவர் கூப்பிடும்போது கட்டைவிரல் மட்டும் போடாதீர்கள். வருகிறேன், வரவில்லை என்று எழுத்தில் போடுங்கள்.

என் கப்பல் நின்ற இடத்திலிருந்து ‘ராஜா வர்ல’ பதினோராயிரம் ஒளியாண்டு. ஒரு தாவலுக்கு ஐம்பது என்றால் இருநூற்று இருபது தாவல். கடை சாத்திய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனேன். போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். படு கேவலமான கோள். வளையம் இல்லை, நிலா இல்லை, காற்றும் இல்லை. பக்கத்தில் இரண்டு கப்பல்கள் நின்றன.

“வந்துட்டியா?” என்றான் ஏழுமலை ஹெட்போனில்.

“வந்துட்டேன்டா.”

மூன்று பேரும் சேர்ந்து பக்கத்து நட்சத்திரத்துக்குத் தாவினோம். யாரும் பார்க்காத ஒரு கோள் மேலே வந்தது, வெளிர்ப்பச்சை. நான் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன். என் வாழ்நாளில் முதல் முறை. இன்றைக்கு ஏழுமலை அழுத்தட்டும், அவன் பெயர் மேலே வரட்டும் என்று காத்திருந்தேன். அவன் எனக்காகக் காத்திருந்தான். கோள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னா நைனா ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?” என்று கேட்டபடி எஸ்தரக்கா அழுத்திவிட்டார்.

பெயர் வைக்கும் பெட்டி திறந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவது ஹெட்போனில் கேட்டது. ‘ராஜா வந்துட்டான்’ என்று போடுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. போட்டிருக்கலாம். ஓசிதானே?

‘கொத்தமல்லிச் சட்னி’ என்று போட்டார். இன்னும் எரிகிறது.